தங்க முன்பேர வணிகம், பந்தயப் பரிசு: வரி விதிப்பு எவ்வாறு?

கோலார் தங்க வயல்: கர்நாடகத்தின் கோலார் தங்க வயல் சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டு மூடப்பட்டன. ஆனால், தங்கத்தைக் கையில் வாங்காமலேயே அதன் விலை ஏற்ற இறக்கத்தில் வணிகம் செய்ய இயலும்.

அங்கீகரிக்கப்பட்ட சந்தையில், சரக்குப் பரிவர்த்தனை வரிக்கு உட்பட்டு நடைபெறும் தங்க முன்பேர வணிகம் ஊக வணிகமாகக் கருதப்படுவதில்லை. அதன் லாபத்துக்குத் தொழில் வருமானமாக, வழக்கமான விகிதத்தில் வரி விதிக்கப்படும்.

பங்குகளை ஒரே நாளில் வாங்கி விற்பது ஊக வணிகமாகும். அதன் நஷ்டத்தை ஊக வணிக லாபத்தில் மட்டுமே, அடுத்த 4 ஆண்டுகள் வரை ஈடுசெய்யலாம்.

குதிரைப் பந்தயம், சீட்டாட்டப் பரிசுகளுக்கு வரி 30 சதவீதம். அத்துடன் 4 சதவீத செஸ் உண்டு. செலவினக் கழிவோ அடிப்படை விலக்கு வரம்போ பொருந்தாது. ரூ.40,000 செலவிட்டு ரூ.1 லட்சம் வென்றாலும், முழுத் தொகைக்கும் ரூ.31,200 வரி செலுத்த வேண்டும்.