மண்ணைச் செய்தவர்கள்

எங்கள் வீட்டுக்கு மண் கிடையாது. மாடி வீடு, அதுவும் வாடகை வீடு. கீழே இருந்த கொஞ்சம் முற்றத்துக்கும் வீட்டுக்காரர் சிமெண்டு பூசிவிட்டார். என் மனைவியோ கொல்லையும் கிணறுமாக இருந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவள். ஓட்டை வாளி, விளிம்பு உடைந்த பானை, சிமெண்டுச் சாக்கு என்று அகப்பட்டதிலெல்லாம் மண்ணை நிரப்பி, மொட்டை மாடியில் வரிசையாக வைத்திருக்கிறாள். ஒன்றில் மிளகாய், ஒன்றில் தக்காளி. கூடையில் மண்ணைச் சுமந்துகொண்டு மூன்று மாடி ஏறுகிற உத்தியோகம் என்னுடையது.

"பிட்டுக்கு மண் சுமந்த சுவாமிகூட இவ்வளவு முணுமுணுத்திருக்க மாட்டார்!" என்றாள் ஒரு நாள்.

சுவாமி சுமந்தது ஒரு நாள்தான். தலைமுறை தலைமுறையாக மண் சுமந்த மனிதர்களின் கதை ஒன்று எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. எங்கள் வாளியில் இருந்த செடிகளுக்கும் அந்த மனிதர்களுக்கும் சொந்தம் உண்டு. மிளகாயும் தக்காளியும் நம் தேசத்துச் செடிகள் அல்ல. 1498-இல் போர்த்துகீசியர் கோழிக்கோட்டுக்கு வந்து இறங்கிய பிறகு, அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தவை. 'சில்லி' என்றும் 'டொமேட்டோ' என்றும் இங்கிலீஷ்காரர்கள் சொல்கிறார்களே, அந்த இரண்டு பெயருமே மெக்ஸிகோவில் பேசப்படும் நாவாட்டில் மொழியிலிருந்து வந்தவை.

அந்த மொழியைப் பேசிய ஒரு ஜாதியாருக்கு ஒரு காலத்தில் காலடி மண் இல்லை. சரித்திரப் புத்தகங்கள் ஆஸ்டெக்குகள் என்று சொல்லும் அவர்கள், தங்களை மெஷிகர் என்று சொல்லிக்கொண்டார்கள். மெக்ஸிகோ பள்ளத்தாக்குக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது நல்ல இடங்களையெல்லாம் மற்றவர்கள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். போகிற இடத்திலெல்லாம் விரட்டு. கடைசியில், வேறு யாரும் வேண்டாமென்று விட்டிருந்த ஏரி நடுவிலுள்ள சதுப்புத் தீவில் ஒதுங்கினார்கள். 1325-ஆம் ஆண்டு என்பது மரபு. அந்த இடத்துக்கு டெனோச்டிட்லான் என்று பெயர்.

சுற்றிலும் தண்ணீர், தெற்குப் பக்கத்து ஏரிகளில் நல்ல தண்ணீர். அந்த ஏரிக் கரைக்காரர்கள் முன்பே ஒரு வித்தை அறிந்திருந்தார்கள். மெஷிகர்கள் பிற்பாடு அதைப் பெரிய அளவில் நடத்தினார்கள். ஆழம் குறைந்த இடமாகப் பார்த்து நீளவாட்டில் கழிகளை நட்டு, நாணலால் அடைப்பார்கள். உள்ளே நீர்ப் பாசியும் கோரையும் ஓர் அடுக்கு. ஏரிக்கு அடியிலிருந்து வாரிய சேறு ஓர் அடுக்கு. இப்படி மாற்றி மாற்றிப் போட, நீர் மட்டத்துக்கு மேலே ஒரு பாத்தி எழும்பும். நாணல் வேலி என்று பொருள்படும் சொல்லிலிருந்து அதற்குச் சினாம்பா என்று பெயர் வந்தது. பழைய யாத்திரிகர்கள் சிலர் இவற்றை 'மிதக்கும் தோட்டம்' என்று எழுதி வைத்தார்கள். அவை மிதக்கவில்லை. ஏரியின் தரையில் ஊன்றி நின்றன.

நம் ஊர் வெற்றிலைக் கொடிக்காலைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். பாத்தியும் வாய்க்காலும் மாறி மாறி ஓடும். இடையில் அகத்தி நிற்கும். அங்கே அகத்திக்குப் பதில் ஒரு வகை வில்லோ மரம். அது பக்கவாட்டில் படராமல் நெட்டையாக வளரும். பயிருக்கு நிழல் தட்டாது. வேர் கரையைப் பிடித்துக்கொள்ளும். பாத்தியின் அகலம் குறைவு. ஆகவே இரண்டு பக்கத்து வாய்க்கால் நீரும் மண்ணுக்குள் கசிந்து வேருக்குப் போய்விடும்.

என் மனைவிக்குப் பிடிக்கக்கூடிய விஷயம் இன்னொன்று. நாற்று விடுவதற்கு, ஒரு மூலையில் சேற்றைப் பரப்பி, பாதி காய்ந்ததும் பர்பி போடுவதுபோல் சதுரம் சதுரமாகக் கீறுவார்கள். ஒவ்வொரு சதுரத்திலும் ஒரு குழி, அதில் ஒரு விதை. முளைத்ததும் மண்கட்டியோடு தூக்கி நடுவார்கள். அதாவது, தொட்டி இல்லாத தொட்டி! மக்காச்சோளம், அவரை, பூசணி, தண்டுக்கீரை இனம், மிளகாய், தக்காளி, பூக்கள் என்று ஒன்று போனால் ஒன்று, ஆண்டு முழுவதும் ஓயாமல் விளைந்தன.

ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. வாய்க்காலில் சேரும் சேற்றை வாரி வாரிப் பாத்தியில் போட்டுக்கொண்டே இருக்கவேண்டும். போட்டால் பாத்திக்கு எருவும் ஆகும், வாய்க்கால் தூரும் போகும். விட்டால் இரண்டும் கெடும்.

விரட்டப்பட்டு வந்தவர்கள் கொஞ்ச காலத்தில் மற்றவர்களை விரட்டுகிறவர்கள் ஆனார்கள். உலகம் எங்கும் நடப்பதுதான். 1430 வாக்கில், சினாம்பாக்களுக்குப் பேர்போன சோச்சிமில்கோ என்ற ஊரை மெஷிகர் ஜெயித்தார்கள். அதன் பிறகு அந்தத் தோட்டக்காரர்களின் விளைச்சல் படகு படகாகத் தலைநகருக்குப் போயிற்று. 1449-இல் வெள்ளம் வந்த பின், உப்பு நீர் நல்ல நீரில் கலக்காதபடி சுமார் 16 கிலோமீட்டர் நீளத்துக்கு அணை போட்டார்கள். டெனோச்டிட்லானில் 1 லட்சம் பேருக்குக் குறையாமல் வாழ்ந்தார்கள். 2 லட்சம் என்று சொல்வாரும் உண்டு.

1519 நவம்பரில் ஸ்பெயின் தேசத்துக் கோர்ட்டெஸ் அந்த நகரத்துக்குள் நுழைந்தான். அடுத்த ஆண்டு பெரியம்மை வந்து ஜனங்களை வாரிக்கொண்டு போயிற்று. 1521 மே மாதம் முற்றுகை. கோர்ட்டெஸ் நன்னீர்க் கால்வாயை வெட்டினான்; ஏரியில் பாய்மரக் கப்பல்களை மிதக்கவிட்டுப் படகுகளைத் தடுத்தான். அந்தச் சமயத்தில், கப்பம் கட்டிக் கட்டிக் கசந்துபோயிருந்த தோட்டத்து ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக அவன் பக்கம் சாய்ந்தன. நகரத்தில் பல்லியும் புல்லும்கூட ஆகாரமாயின. ஆகஸ்டு 13-ஆம் தேதி எல்லாம் முடிந்தது. விளைவித்தவனை வருத்திச் சாப்பிட்ட நகரம், விளைவித்தவன் கை நீட்டாதபோது பட்டினி கிடந்தது. பீரங்கியைப்பற்றி எழுதுகிற சரித்திரக்காரர்கள் இதையும் கொஞ்சம் அழுத்தி எழுதலாம்.

புதிதாக வந்தவர்களுக்கு ஏரி பிடிக்கவில்லை. அதே இடத்தில் ஊரைக் கட்டிக்கொண்டு, நீரை வெளியேற்றப் பார்த்தார்கள். 1607-இல் மலையைக் குடைந்து வடிகால் தோண்டத் தொடங்கினார்கள். 1629-இல் ஏரி திரும்பி வந்தது. ஐந்து ஆண்டுகள் ஊர் நீருக்குள் நின்றது. ஆனாலும் விடவில்லை. ஏறக்குறைய மூன்று நூற்றாண்டுகள் பாடுபட்டு, 1900-இல் பெரிய கால்வாயைத் திறந்து ஏரியை ஓட்டினார்கள். இன்று அந்த மெக்ஸிகோ நகரம், நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சி, சில இடங்களில் ஆண்டுக்கு ஓர் அடிக்கு மேலும் பூமிக்குள் இறங்குகிறது, குடிநீருக்கும் தவிக்கிறது.

சோச்சிமில்கோவில் கொஞ்சம் சினாம்பாக்கள் பிழைத்திருக்கின்றன. ராஜாங்கம் மாறினால் என்ன, சேறு வாருகிறவர்கள் வாரிக்கொண்டே இருந்தார்கள். 1987-இல் யுனெஸ்கோ அந்த இடத்தை உலகப் பாரம்பரியச் சொத்தாக அறிவித்தது. அறிவிப்புப் பலகை சேறு வாருமா? அந்த ஊரின் ஊற்று நீரை நகரம் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே குழாய் வைத்து எடுத்துக்கொண்டது. கால்வாய்களுக்குச் சுத்திகரித்த கழிவு நீர் வருகிறது. பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். பல பாத்திகள் தரிசு; சிலவற்றில் கால்பந்து ஆடுகிறார்கள். இன்னும் சிலர் மட்டும் விடிகாலையில் படகில் போய்ச் சேறு வாருகிறார்கள்.

எங்கள் ஊரிலும் சித்திரை மாதத்தில் ஏரி வற்றியதும் வண்டல் வெட்டி வயலுக்கு வண்டி வண்டியாக அடிப்பார்கள். அது ஏரிக்குச் செய்கிற உபகாரமா, வயலுக்குச் செய்கிற உபகாரமா என்று சின்ன வயதில் எனக்குக் குழப்பமாக இருக்கும். சோச்சிமில்கோக்காரரைக் கேட்டால், இரண்டும் ஒரே காரியம் என்றுதான் சொல்வார். செய்த மண் ஒரு தடவை செய்துவிட்டால் தீர்ந்துபோகிற சமாசாரம் அல்ல. கை ஓய்ந்தால் அது மறுபடி ஏரிதான். அல்லது வெறும் மேடுதான்.

இந்தக் கதையை மனைவியிடம் சொன்னேன். நிதானமாகக் கேட்டாள்.

"எல்லாம் சரி. மிளகாய் வாளியில் மண் இரண்டு விரற்கடை இறங்கிப்போயிருக்கிறது. நாளைக்கு இன்னும் ஒரு கூடை வேண்டும்" என்றாள்.

முணுமுணுக்காமல் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறேன்.