வானத்தில் துண்டு போட்ட கதை

காலை எட்டு மணி யூனிட் வண்டியில் அம்பத்தூரில் ஏறி ஒருவருக்கு உட்கார இடம் கிடைத்தால், அன்றைய ராசிபலனை அவர் வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளலாம். அரக்கோணத்திலிருந்து வருகிற வண்டியில் திருவள்ளூரிலேயே சீட் தீர்ந்துவிடும். திருநின்றவூர்க்காரர்கள் நடுவில் நிற்க இடம் பிடிப்பார்கள். ஆவடியில் வாசற்படியும் போய்விடும். அம்பத்தூர்க்காரருக்கு மிச்சம் இருப்பது மேலே தொங்குகிற கைப்பிடி, அதுவும் பாதி. விவரம் தெரிந்தவர்கள் ஆவடியில் கிளம்புகிற லோக்கலுக்காக முன்னால் வருகிற வண்டிகளை விட்டுவிட்டு நிற்பார்கள்.

பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் வித்தை வேறு. பிராட்வே வண்டி திரும்பி நிற்பதற்குள் ஜன்னல் வழியாகச் சாப்பாட்டுப் பை, குடை, கைக்குட்டை, துண்டு எல்லாம் உள்ளே விழும். ஆள் ஏறுவதற்கு முன் அவருடைய உடைமை ஏறிவிடும். துண்டு கிடக்கிற சீட் துண்டுக்காரருக்கு. எந்த மோட்டார் வாகனச் சட்டத்திலும் இது இல்லை. ஆனாலும் துண்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு உட்கார எல்லோருக்கும் தைரியம் வந்துவிடாது.

இப்படிப் பழகிய ஜனங்களுக்கு 2003-இல் ஒரு விமானக் கம்பெனி வந்து சேர்ந்தது. சீட் நம்பர் கிடையாது. முதலில் ஏறுகிறவர் பிடித்த இடத்தில் உட்காரலாம். ஏர் டெக்கான்.

அதை நடத்தியவர் கேப்டன் ஜி.ஆர்.கோபிநாத். கர்நாடகத்தில் ஹாசன் மாவட்டத்து கொரூர்க்காரர். 1971 போரில் இருந்தவர், பிறகு ராணுவத்தை விட்டுவிட்டுப் பட்டுப்பூச்சி வளர்த்தவர், ஹெலிகாப்டர் வாடகைக்கு விட்டவர். அவர் எழுதிய சுயசரிதையிலிருந்து எடுத்த கதைதான் 2020-இல் சுதா கொங்கரா இயக்கத்தில் சூர்யா நடித்து வந்த ‘சூரரைப் போற்று’. சினிமாவில் நாயகனைச் சோழவந்தான்காரர் ஆக்கிவிட்டார்கள். நமக்கு அதில் ஆட்சேபம் இல்லை.

அந்தக் கம்பெனியின் அடையாளப் படம் ஆர்.கே.லக்ஷ்மணின் கார்ட்டூனில் வரும் சாமானியர்: கட்டம் போட்ட கோட்டும் வேட்டியும் போட்ட அதே கிழவர். டிக்கெட் பெட்ரோல் பங்கிலும் விற்றது. ஒரு ரூபாய்க்கு டிக்கெட் என்ற விளம்பரம் நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது. வரியும் மற்ற கட்டணங்களும் தனி என்பது கவுன்டரில் தெரியவரும். உள்ளே சாப்பாடு கிடையாது, வேண்டுமென்றால் காசு கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். சென்னையிலிருந்து 2006-இல் தூத்துக்குடிக்கு அந்தக் கம்பெனி விட்ட விமானம், இரவெல்லாம் பஸ்ஸில் குலுங்கிப் போகிற பல குடும்பங்களை முதல் தடவையாக மீனம்பாக்கத்துக்கு வரவழைத்தது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்த்துவிட்டு விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவருக்கு விமான நிலையம் புதிது. இடம் பிடிக்கிற கலை புதிதல்ல. ஆனால் பஸ் ஸ்டாண்டு அனுபவத்தை அங்கே அப்படியே செலவழித்தால் ஏமாற வேண்டியிருந்தது. கேட் திறந்ததும் முதலில் ஓடி, விமானத்துக்குக் கூட்டிப்போகிற பஸ்ஸில் முதலில் ஏறினால் என்ன ஆகும்? பின்னால் வருகிறவர்கள் தள்ளத் தள்ள ஆள் உள்ளே போய்விடுவார். இறங்கும்போது கடைசி. பஸ்ஸில் கடைசியாக ஏறிக் கதவோரம் தொத்திக்கொண்டவர்தான் விமானப் படியில் முதலில் கால் வைப்பார். அடுத்தது, அந்தக் கம்பெனி விட்ட ஏ.டி.ஆர். ரக விமானத்தில் பயணிகள் ஏறுகிற கதவு பின்பக்கம். முன்பக்கம் சாமான் அறை. முன் சீட்தான் உசத்தி என்று உள்ளே முண்டியடித்துப் போனவர், இறங்கும்போது மொத்த விமானமும் காலியாகும்வரை குனிந்து நிற்க வேண்டும். அந்த விமானத்தில் இறக்கை கூரைக்கு மேலே இருப்பதால் எந்த ஜன்னலில் உட்கார்ந்தாலும் தரை தெரியும் என்பது மட்டும் எல்லோருக்கும் பொதுவான லாபம்.

சீட் நம்பர் இல்லாத இந்த முறை டெக்கானில் பிறந்ததல்ல. அதன் பிறந்த வீடு அமெரிக்கா. 1961 ஏப்ரல் 30 அன்று ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் நியூயார்க், பாஸ்டன், வாஷிங்டன் ஊர்களுக்கு நடுவே ‘ஷட்டில்’ என்று ஒன்றைத் தொடங்கியது. முன்பதிவு கிடையாது. நேரத்துக்கு வந்து நின்றால் இடம் நிச்சயம். டிக்கெட் காசை விமானம் பறக்கும்போது தள்ளுவண்டியோடு வந்து வாங்கிக்கொள்வார்கள், நம் கண்டக்டர் மாதிரி. விமானம் நிறைந்து ஒரே ஒரு ஆள் மிஞ்சினாலும் அவருக்காக இன்னொரு விமானத்தைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள் என்பதுதான் வாக்கு. தனி ஒருவருக்காக ஒரு விமானம் கிளம்பிய சம்பவமும் உண்டு. ஆவடி லோக்கலில் தொங்கிக்கொண்டு போகிறவரிடம் இதைச் சொன்னால் புராணக்கதை என்றுதான் நினைப்பார்.

ஈஸ்டர்னுடையது தாராளம். தாராளத்தில் பிறந்தது நெடுநாள் நிற்காது. இஷ்டப்படி உட்காருவதை ஒரு தொழில்முறையாக ஆக்கியது கையில் காசில்லாத இன்னொரு கம்பெனி. டெக்சாஸ் மாநிலத்து சவுத்வெஸ்ட், மூன்று போயிங் 737 விமானங்களோடு 1971 ஜூன் 18-இல் டல்லாஸ், ஹூஸ்டன், சான் அன்டோனியோ ஊர்களுக்குப் பறக்கத் தொடங்கியது. அதற்கு முன் நான்கு வருஷம் போட்டிக் கம்பெனிகளோடு நீதிமன்றத்தில் கிடந்ததில் கஜானா ஏறக்குறைய காலி. நான்காவதாக ஒரு விமானம் வாங்கினார்கள். 1972-இல் பணமுடை தாங்காமல் அதை விற்றார்கள். விற்றார்களே தவிர, நான்கு விமானங்களுக்குப் போட்ட கால அட்டவணையைக் குறைக்க மனம் வரவில்லை. மூன்றை வைத்து நான்கின் வேலையை எப்படிச் செய்வது? தரையில் நிற்கிற நேரத்தைத் திருட வேண்டும். தரைப்பணிகளைக் கவனித்த பில் ஃபிராங்க்ளின், விமானம் வந்து நின்ற பத்தாவது நிமிஷம் திரும்பக் கிளம்ப வேண்டும் என்று விதி வைத்தார். இறக்கி, துடைத்து, எண்ணெய் ஊற்றி, ஏற்றி, கதவைச் சாத்தி, எல்லாம் பத்து நிமிஷம்.

அந்தப் பத்து நிமிஷத்துக்குள் 17-சி எங்கே என்று தேடி ஒருவர் நடைபாதையை மறித்து நிற்க முடியாது. என் சீட்டில் நீ, உன் சீட்டில் நான் என்ற பஞ்சாயத்துக்கும் நேரமில்லை. சீட் நம்பரே இல்லாவிட்டால் பஞ்சாயத்தும் இல்லை. கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் செலவும் மிச்சம். அதைவிடப் பெரிய மிச்சம் ஒன்று உண்டு: நம்பர் கையில் இருக்கிறவர் நிதானமாக வருவார், இடம் போய்விடுமோ என்று பயப்படுகிறவர் ஓடி வருவார். அந்தப் பயத்துக்குக் கம்பெனி சம்பளம் கொடுக்கத் தேவையில்லை. சமத்துவம், ஜனநாயகம் என்றெல்லாம் பின்னால் இதற்குப் பூச்சூட்டினார்கள். எனக்குத் தெரிந்தவரை இது கடனில் பிறந்த குழந்தை.

பயம் வேலை செய்கிறதா என்பதற்கு விஞ்ஞானமும் ஓரளவு சாட்சி சொல்கிறது. ஜேசன் ஸ்டெஃபன் என்ற வானியற்பியலாளர் விமானத்தில் ஆட்களை ஏற்றுகிற முறைகளைக் கணக்குப் போட்டு 2008-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பிற்பாடு மாதிரி விமான அறை ஒன்றில் நிஜமான ஆட்களை ஏற்றி இறக்கியும் பார்த்தார். கடைசி வரிசையிலிருந்து தொகுதி தொகுதியாக ஏற்றுவது ஒழுங்காகத் தெரிந்தாலும் மெதுவானது. யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் ஏறுவது அதைவிட வேகம் என்று தெரிந்தது. ஒரே இடத்தில் பத்துப் பேர் நின்று பெட்டியை மேலே ஏற்ற மல்லுக்கட்டுவதைவிட, விமானம் முழுக்கப் பரவி நின்று ஏற்றினால் வேலை சீக்கிரம் முடியும். அவ்வளவுதான் ரகசியம்.

சவுத்வெஸ்டில் ஆரம்பக் காலத்தில் நம்பர் போட்ட பிளாஸ்டிக் அட்டையைக் கொடுத்தார்கள். கவுன்டருக்கு வந்த வரிசைப்படி நம்பர். ஏறும்போது அட்டையைத் திரும்ப வாங்கி அடுத்த விமானத்துக்கு வைத்துக்கொள்வார்கள். முப்பது முப்பது பேராக அழைப்பார்கள். பிறகு ஏ, பி, சி என்று மூன்று வரிசைகள் வந்தன. ‘ஏ’ வரிசையில் முன்னால் நிற்க மணிக்கணக்கில் தரையில் உட்கார்ந்து கிடந்தார்கள். மாட்டு மந்தை என்று அமெரிக்கர்களே கேலி செய்தார்கள். 2007-இல் வரிசையில் நிற்க வேண்டிய இடத்துக்கே ஏ-1, ஏ-2 என்று நம்பர் வந்தது. அந்த நம்பர் செக்-இன் செய்த வரிசையைப் பொறுத்தது. இணையத்தில் செக்-இன் திறப்பது விமானம் கிளம்ப 24 மணி நேரத்துக்கு முன்னால். ஆக, தரையில் உட்கார்ந்திருந்த கூட்டம் எழுந்து வீட்டுக்குப் போய் அலாரம் வைத்துக்கொண்டது. விடுமுறைக்குக் கடற்கரைக்குப் போன மனிதர், ஊர் திரும்புகிற விமானத்துக்காக முந்தின நாள் அதே நிமிஷத்தில் குளித்த ஈரத்தோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்.

இங்கேதான் நம் ஊர் அனுபவம் உதவுகிறது. சென்ட்ரலில் முன்பதிவில்லாத பெட்டியில் வடக்கே போனவர்களுக்குத் தெரியும். வண்டி யார்டிலிருந்து பிளாட்பாரத்துக்கு வரும்போதே சில சீட்டுகளில் ஆள் இருக்கும். அவர் பயணி அல்ல. இடம் வேண்டுமா என்று கேட்பார், ஏதோ ஒரு தொகை சொல்வார், வாங்கிக்கொண்டு எழுந்து போய்விடுவார். இலவசமாக உட்காரக்கூடிய இடத்துக்கு அவர் விலை வாங்கவில்லை. இடம் கிடைக்காதோ என்கிற பதற்றத்துக்கு வாங்கினார். ரயில்வே போலீஸ் வரிசையில் நிறுத்தி ஏற்றத் தொடங்கிய பிறகு அந்தத் தொழில் மெலிந்தது.

அதே தொழிலை சவுத்வெஸ்ட் 2009 செப்டம்பரில் தொடங்கியது. பத்து டாலர் கொடுத்தால் அலாரம் வைக்க வேண்டாம், உங்களுக்கு முன்கூட்டியே கம்பெனியே செக்-இன் செய்துவிடும். பயணியை ஓட வைத்த பயம் இப்போது சரக்காகிவிட்டது. இந்த முறையின் ஆயுள் அன்றே குறைந்துவிட்டது என்பது என் கணிப்பு. பயத்தைப் பத்து டாலருக்கு விற்கலாம் என்றால், பயத்துக்குக் காரணமான சீட்டையே துண்டு துண்டாக இன்னும் அதிக விலைக்கு விற்கலாமே என்று எந்தக் கணக்கரும் கேட்பார். ஐரோப்பாவில் முதலில் கேட்டார்கள்: ஈசிஜெட் 2012-லும் ரயன்ஏர் 2014-லும் இஷ்டப்படி உட்காருவதை நிறுத்திவிட்டு சீட் நம்பருக்கு மாறின. சவுத்வெஸ்ட் அரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்து நின்று, 2024 ஜூலையில் விட்டுக்கொடுப்பதாக அறிவித்தது. 2026 ஜனவரி 27 முதல் அங்கேயும் சீட் நம்பர்தான்.

நம் டெக்கான் அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை. 2007-இல் கிங்ஃபிஷர் அதன் பங்குகளை வாங்கியது, 2008-இல் பெயரும் கிங்ஃபிஷர் ரெட் ஆனது, சாமானியர் படத்திலிருந்து இறங்கிவிட்டார். 2012-இல் கிங்ஃபிஷரே தரையிறங்கியது.

சீட் நம்பர் வந்ததும் இடம் பிடிக்கிற பந்தயம் முடிந்துவிட்டது என்று யாராவது நினைத்தால் அவர் அண்மையில் விமானத்தில் போகாதவர். பந்தயம் போனுக்குள் வந்துவிட்டது, அவ்வளவுதான். 2018 நவம்பரில் இண்டிகோ, வெப் செக்-இன் செய்தால் எல்லா சீட்டுக்கும் கட்டணம் என்றது. பரிசீலிக்கிறோம் என்றது விமானப் போக்குவரத்து அமைச்சகம். கொரோனா முடக்கத்துக்குப் பிறகு 2020 மே 25-இல் விமானங்கள் மறுபடி கிளம்பியபோது வெப் செக்-இன் கட்டாயமானது. அடுத்து, வீட்டில் செக்-இன் செய்யாமல் கவுன்டரில் போய் நின்றால் அதற்கும் தனிக் கட்டணம் என்று சில கம்பெனிகள் வசூலித்தன. போர்டிங் பாஸ் கொடுக்கக் காசு வாங்கக் கூடாது என்று 2022 ஜூலையில் அமைச்சகம் சொல்ல வேண்டியிருந்தது.

இன்றைக்கு அம்பத்தூர் வீட்டில் உட்கார்ந்து செக்-இன் செய்கிறவருக்குத் திரையில் ஒரு விமானம் படுத்துக் கிடக்கும். ஜன்னலோரம் ஒரு விலை, நடைபாதை ஓரம் ஒரு விலை, கால் நீட்ட இடமுள்ள வரிசைக்கு இன்னொரு விலை. இலவசம் என்று இருப்பது பெரும்பாலும் பின்னாலே, நடுவில். நான்கு பேர் குடும்பமாகப் போனால் நான்கும் நான்கு வரிசையில் விழும். பக்கத்தில் உட்கார வேண்டுமா, பணம் கட்டு. பிள்ளையைத் தனியாக உட்கார வைக்கப் பயந்து பெற்றோர் கட்டினார்கள். புகார் போய்ப் போய், 2024 ஏப்ரலில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் உத்தரவு போட்டது: ஒரே டிக்கெட்டில் போகிற 12 வயது வரையுள்ள குழந்தைக்கு, அப்பா அம்மா அல்லது பாதுகாவலரில் ஒருவருக்குப் பக்கத்தில் இடம் கொடுக்க வேண்டும். பதின்மூன்றாம் பிறந்த நாளைக் கொண்டாட ஊருக்குப் போகிற பிள்ளை திரும்பி வரும்போது முழு வாடிக்கையாளர்.