சந்திரகிரகணமும் அண்டகோசமும்

1829ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 20ஆம் நாள் நிகழ்ந்த சந்திரகிரகணம் யாழ்ப்பாணத்துச் சைவ வரலாற்றில் இடம்பெற்ற தொன்று. கிரகணம் புதுமையன்று, அன்று மறைந்ததும் மதியின் ஒரு பகுதியே. ஆயினும், சைவர் நூல்கள் மெய்யோ பொய்யோ என்பதனைத் தீர்க்கும் இரவாக அதனை ஒரு சாரார் குறித்து வைத்தனர். அவ்வழக்கு எவ்வாறு எழுந்தது, அதன்கண் உண்மையில் தோற்றது யாது என்பனவற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

அமெரிக்க மிசியோன் பாதிரிமார் வட்டுக்கோட்டையில் 1823ஆம் ஆண்டு ஒரு செமினரியைத் தாபித்தனர். அதன் முதல் தலைவர் தானியேல் பூவர் என்பார். ஐரோப்பியக் கணிதமும் வானநூலும் அங்கே தமிழ் மாணாக்கர்க்குக் கற்பிக்கப்பட்டன. கற்பித்ததன் நோக்கத்தை அவர்கள் மறைத்தாரல்லர். கோயில்தோறும் கந்தபுராணம் படித்துப் பொருள் சொல்லும் வழக்கம் வேரூன்றிய நாடு அது. அப்புராணத்து அண்டகோசப் படலம் மேருவையும், தீவுகள் கடல்களையும், சூரபன்மன் ஆண்ட ஆயிரத்தெட்டு அண்டங்களையும் விரித்துரைப்பது. பூமி உருண்டை என்றும், மேரு யாண்டும் இல்லை என்றும் காட்டிவிட்டால் புராணம் சாயும். புராணம் சாய்ந்தாற் சமயமும் உடன் சாயும் என்பது அவர்கள் கொண்ட அனுமானம்.

அக்காலத்து யாழ்ப்பாணத்திற் பஞ்சாங்கம் கணித்தவர் அராலி விசுவநாத சாத்திரியார். நகுலமலைக் குறவஞ்சி பாடிய புலவரும் அவரே. மார்ச்சு மாதத்துக் கிரகணத்திற்கு அவர் தம் பஞ்சாங்கத்திற் குறித்த கணக்கும் பூவர் கண்ட கணக்கும், தொடங்கும் நேரத்தினும், மறைப்பின் அளவினும், நீடிக்குங் காலத்தினும் வேறுபட்டன. வேற்றுமையைப் பூவர் முன்னரே ஊரறியச் செய்தார். இரவு வந்தது, பலரும் கூடி நோக்கினர், பாதிரியார் கணக்கே கண்ணுக்கு ஒத்தது. இதனை எமர்சன் டெனன்ட் என்பார் 1850ஆம் ஆண்டு வெளியிட்ட இலங்கைக் கிறிஸ்தவ வரலாற்றிற் பெருவெற்றியாக எடுத்தோதுகின்றனர். கண்கூடாக நிகழ்ந்ததனை மறுத்தல் நமக்கு அழகன்று. சாத்திரியார் கணக்குப் பிழைத்தது உண்மையே.

ஆயின், பிழைத்தது எது? சாத்திரியார் அண்டகோசப் படலத்தை விரித்து வைத்துக்கொண்டு கிரகணம் கணித்தாரல்லர். சோதிட சித்தாந்த நூல்கள் வேறு, புராணம் வேறு. விட்டுணு புராணம் ஞாயிற்றைப் பூமிக்கு மேல் நூறாயிரம் யோசனையிலும், திங்களை அதற்கும் மேல் நூறாயிரம் யோசனையிலும் வைக்கின்றது. சூரியசித்தாந்தமோ திங்களையே பூமிக்கு அணித்தாக வைத்து, பூமியை உருண்டை என்கின்றது. மதி மறைவது பூநிழலால் என்றும் தெளிவாகக் கூறுகின்றது. 499ஆம் ஆண்டளவில் ஆரியபட்டர் கூறியதும் அதுவே. பஞ்சாங்கத்து இராகு கேதுக்கள், திங்களின் வழி ஞாயிற்றின் வழியை வெட்டும் இரு புள்ளிகளாகவே கணக்கிற் கொள்ளப்படுவன. பாம்பு விழுங்கிற்று எனப் புராணங் கேட்டவன் மாலையிற் கோயிலிற் கேட்டான். காலையிற் பஞ்சாங்கம் பார்த்தவன் நிழற்கணக்கையே பார்த்தான். இருவரும் பெரும்பாலும் ஒருவனே. இவ்விரண்டும் நம் வீட்டினுள்ளேயே ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளாக ஒருங்கு வாழ்ந்தன என்பதனைப் பாதிரிமார் கருதிற்றிலர். அவர்க்கு விடையிறுத்த நம்மவருட் பலரும் கருதிற்றிலர் என்பதே வருத்தம்.

சித்தாந்தக் கணக்கின் பெருமையும் சிறுமையும் எண்களாற் காண்க. சூரியசித்தாந்தப்படி பூமியின் விட்டம் 1,600 யோசனை. திங்களின் வட்டப்பாதை 3,24,000 யோசனை. இதனால் திங்களின் தூரம் பூமியின் அரைவிட்டத்தைப் போல் 64 மடங்கிற்குச் சிறிது மேற்படும். இக்கால வானநூலார் கண்ட சராசரித் தூரம் 60 மடங்கு. தொலைநோக்கி யாதுமின்றி இத்துணை அணிமை எய்தியது வியப்பே. ஞாயிற்றின் தூரமோ அந்நூற்படி 862 மடங்கு. உண்மையிலோ 23,000 மடங்கிற்கு மேல். இருபத்தேழு பங்கில் ஒரு பங்கே நம் நூல் கண்டது. முன்னதனைச் சொல்லிப் பின்னதனை மறைக்கும் சொற்பொழிவுகள் இந்நாளிற் பல. அது வாய்மையன்று.

இனி, பரம்பரைக் கணிதம் எத்துணை பிழைக்கும் என்பதற்கு இரு சான்றுகள் உள. வெள்ளிக்கோள் ஞாயிற்றைக் கடப்பதனைக் காணப் புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சு வானநூலார் லெ ழாந்தி, 1769ஆம் ஆண்டு மேகம் மூடியதனால் அதனைக் காணாது ஏமாந்தவர்; அவர் அங்கே தமிழர் கணிதத்தைக் கற்றுச் சோதித்தார். 1765ஆம் ஆண்டு ஆகத்து 30ஆம் நாட் சந்திரகிரகணத்தின் நீட்சியில் நம்மவர் கணக்கு 41 விநாடி குறைந்தது. ஐரோப்பாவிற் சிறந்ததெனப் போற்றப்பட்ட மாயர் என்பாரின் வாய்பாடு 68 விநாடி மிகுந்தது. இஃது ஒரு சான்று. மற்றொன்று, ஜான் வாரன் என்பார் சென்னையில் 1825ஆம் ஆண்டு வெளியிட்ட காலசங்கலிதம் என்னும் நூலிற் காண்பது. புதுச்சேரியிற் பஞ்சாங்கம் கணிப்பார் ஒருவர் தரையிற் சோழிகளைப் பரப்பி, மனனஞ் செய்த வாக்கியங்களைக் கொண்டே அவ்வாண்டு மே 31ஆம் நாள் இரவுக் கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் பிழை நேர்ந்தது. அவர் நூற்பொருள் அறியார். நினைவாற்றல் ஒன்றே உடையார் என வாரன் எழுதுகின்றார்.

ஒரு கிரகணத்தில் ஐரோப்பிய வாய்பாட்டையும் வெல்லும் கணிதம், மற்றொன்றில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் தவறுவானேன்? திருத்தம் நின்றுபோனமையே காரணம் என்க. சூரியசித்தாந்தத்து ஆண்டின் அளவு 365 நாள் 15 நாழிகை 31½ விநாழிகை. இன்றைய அளவில் விண்மீன் ஆண்டு 365 நாள் 15 நாழிகை 23 விநாழிகைக்குச் சிறிது குறைவு. ஆண்டொன்றுக்கு எட்டரை விநாழிகை மிகுதலின், ஆயிரம் ஆண்டில் இரண்டு நாளுக்கு மேல் மிகும். இது முன்னோர் அறியாததன்று. கண்டது கணக்கோடு ஒவ்வாவிடின் கணக்கைத் திருத்துக என்பதே அவர் நெறி. கேரளத்துப் பரமேசுவரர் ஐம்பது ஆண்டுகளுக்கு மேற் கிரகணங்களை நோக்கிக் குறித்து, 1431இல் திருக்கணிதம் வகுத்தனர். அத்தகைய நோக்கு அருகி, வாய்பாடு மட்டும் எஞ்சிய காலத்திலேதான் பூவர் வந்தார். ஆகவே, அன்றிரவு தோற்றது திருத்தம் பெறாத கணக்கே. அண்டகோசமும் அன்று, சைவமும் அன்று.

இவ்வளவிற் கூறி அமைந்துவிடின் எளிது. ஆனால், மிருகேந்திரம் முதலிய ஆகமங்களும் அத்துவாக்களைக் கூறுமிடத்துப் புவனங்களை அளவிட்டு உரைக்கின்றனவே எனின், அதற்கு விடை வேண்டும். யாம் கருதுவது இது: ஆறத்துவாக்களுள் ஒன்றாகிய புவனம் 224. அவற்றுள் 108 பிருதிவியைத் தன்னகத்துக் கொண்ட நிவிர்த்தி கலையில் அடங்குவன. எஞ்சிய 116உம் அதற்கு மேற்பட்ட கலைகளில் உள்ளன. தொலைநோக்கி எத்துணைப் பெரிதாயினும் அது காண்பது பூதகாரியமேயன்றிப் பிறிதன்று. தனு கரண புவன போகம் என நான்காக வைத்தது, வினைக்கேற்ற நுகர்ச்சிக்கு இடமாதல் பற்றியே. தீக்கையிற் சோதிக்கப்படுவதும் அவ்விடமே. மேருவின் யோசனைக் கணக்கைக் காண்டல் அளவை மறுக்குமாயின், காட்சிக்குரிய பொருளிற் காட்சியே வலிது. காண்டல் கருதல் உரை என அளவையை மூன்றாகக் கொண்ட நாம், ஒன்றன் எல்லையுள் மற்றொன்றைப் புகுத்துதல் ஆகாது. இதனை உடன்படாத அறிஞர் உளர்; அவர் தம் கருத்தை இப்பத்திரிகையிலேயே எழுதினாற் கற்றுக்கொள்வோம்.

கற்பம் ஒன்று 432 கோடி ஆண்டு; பூமியின் அகவையோ 454 கோடி எனக் காட்டி, விஞ்ஞானம் நம் நூலை மெய்ப்பித்தது என மகிழ்வாரும் உளர். சோதிட நூற்படி இக்கற்பத்திற் கழிந்தது ஏறக்குறைய 197 கோடியே என்பதனை அவர் பார்ப்பதில்லை. எண் ஒத்தலாற் சமயம் மெய்யாமெனின், எண் ஒவ்வாமையாற் பொய்யாம் என்ற பாதிரிமார் வழக்கையே நாம் உடன்பட்டவராவோம்.

பூவருக்குப் பின் செமினரியின் தலைமை பூண்ட ஹொய்சிங்டன் பாதிரியார் நம் சோதிட கணிதத்தை மொழிபெயர்ப்பும் குறிப்புரையுமாக 1848இல் யாழ்ப்பாணத்தில் அச்சிட்டார். மறுப்பதற்கே கற்றார் எனினும் கற்றார். அவரே தாயகம் மீண்டபின், 1854ஆம் ஆண்டு அமெரிக்கக் கீழைக்கலைச் சங்கத்தின் வெளியீட்டில் தத்துவக்கட்டளை, சிவஞானபோதம், சிவப்பிரகாசம் என்னும் மூன்றையும் ஆங்கிலத்தில் வெளிப்படுத்தினர். உலகம் தோன்றி நின்று ஒடுங்குவது ஆகலின் அதற்கு முதல்வன் உளன் என நிறுவும் போத முதற் சூத்திரத்தை மொழிபெயர்த்த காலத்து, கிரகணத்தால் அதனை அசைக்கலாகும் என அவர் கருதினாரோ, அறியேம். அச்சூத்திரத்தில் யோசனைக் கணக்கு ஒன்றும் இல்லை. மறு ஆண்டிலே, 1855இல், வட்டுக்கோட்டைச் செமினரி மூடப்பட்டது. யாழ்ப்பாணத்தில் வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் இன்றும் ஆண்டுதோறும் வெளிவருகின்றன.