மூவர் கோயில், கொடும்பாளூர்

புதுக்கோட்டை மாவட்டத்துக் கொடும்பாளூரில் இருக்குவேளிர் குலத்துப் பூதி விக்கிரமகேசரி எழுப்பிய சிவாலயத் தொகுதி. தன் பெயரிலும், தன் தேவியரான கற்றளி, வரகுணை ஆகியோரின் பெயர்களிலும் மேற்கு நோக்கிய மூன்று விமானங்களை அவன் ஒரே வரிசையில் அமைத்தான். நடு விமானமும் தென் விமானமும் நிற்கின்றன. வட விமானத்தின் அடித்தளம் மட்டுமே எஞ்சியுள்ளது. காலத்தை 9-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி என்பாரும் 10-ஆம் நூற்றாண்டு என்பாரும் உண்டு.

அர்த்தநாரி, வீணாதரர் முதலிய சிற்பங்களுக்காகவே பெரும்பாலும் பேசப்படும் இக்கோயிலை, அதனோடு சேர்ந்திருந்த மடத்திலிருந்து பிரித்துப் பார்ப்பது பெருங்குறை. இங்குள்ள வடமொழிக் கல்வெட்டு, விமானங்களைச் சொன்ன கையோடு மடத்தையும் சொல்கிறது. மதுரையைச் சேர்ந்த மல்லிகார்ஜுனர் என்பவர் வித்யாராசி, தபோராசி ஆகிய இருவரின் சீடர். அவருக்குப் பெரிய மடம் ஒன்றையும், காளாமுகத் துறவியர் 50 பேரின் உணவுக்காக 11 ஊர்களையும் அரசன் அளித்தான். காளாமுகர் கன்னட நாட்டில் செல்வாக்குப் பெற்றிருந்த சைவப் பிரிவினர். மதுரைப் பெருவழி கொடும்பாளூரைத் தொட்டே சென்றது. வழிகள் பிரியும் இடமாகச் சிலப்பதிகாரமும் இவ்வூரைக் காட்டுகிறது. துறவியர் வந்து தங்குவதற்கு வாய்ப்பான ஊர்.

கோயிலின் தரையமைப்பு கவனிக்கத்தக்கது. மூன்று கருவறைகளுக்கும் தனித்தனி அர்த்தமண்டபம். முன்னால் மூன்றுக்கும் பொதுவாக ஒரே மகாமண்டபம். விமானங்களுக்கிடையே இடைவெளி உண்டு. சுற்றிலும் சிறிய பரிவார ஆலயங்கள், அவற்றை வளைத்துத் திருமதில், மேற்கே வாயில். வாயிலில் நுழைந்து, மண்டபத்தில் கூடி, மூன்று சன்னிதிகளையும் வழிபட்டு, பரிவார தெய்வங்களையும் கண்டு வலம்வர ஏற்ற அமைப்பு இது. உற்சவமூர்த்தி வீதியுலா வரும் பிற்காலப் பெருங்கோயில்களைப் போலத் தேரோடும் வீதிகளை மையமாக வைத்து இது அமைக்கப்படவில்லை. இங்கே அடியவர் நடையே பவனி என்று கொள்ளலாம்.

நடையை ஒட்டிய இத்தகைய அமைப்புக்குத் தொலைவில் ஓர் ஒப்புமை உண்டு. ஏறத்தாழ 800-இல், பிரான்சின் வடபகுதியில் உள்ள சென்-ரிக்கியே மடத்தை அதன் தலைவர் ஆங்கில்பெர்ட் புதுப்பித்துக் கட்டினார். அங்கும் மூன்று ஆலயங்கள்; முக்கோண வடிவ நடைகூடம் அவற்றை இணைத்தது. துறவியர் அணிவகுத்துப் பாடிச் செல்ல வேண்டிய முறையையும் அவரே எழுதிவைத்தார். கொடும்பாளூருக்கு அப்படியொரு நடைமுறை நூல் கிடைக்கவில்லை. கல்லில் எஞ்சிய தரையமைப்பே சான்று.

மடத்துக்கு ஊர்கள் அளித்ததைப் போலத் துறவியர்க்குச் சோறிடுவது இம்மண்ணுக்குப் பழக்கமான அறம். அடியார்க்கு அமுது படைப்பதற்காக நெல் திருடியவரைத் தண்டிக்காமல், தம் நெற்பண்டாரத்தையே அடியார்களுக்குத் திறந்துவிட்ட இடங்கழி நாயனாரும் கொடும்பாளூர் அரசரே என்கிறது பெரியபுராணம்.