ஒரு தாலி, மூணு மொழி, ரெண்டு பஞ்சாங்கம்: ஓசூர் கல்யாண போட்டோகிராபர்களின் தொழில் கணக்கு!

கல்யாண மண்டபத்துக்கு விடிவதற்கு முன்பே வந்துவிடுவார். பந்தி முடிந்து பாத்திரம் கழுவும்போதுதான் கிளம்புவார். ஆனால் அந்தக் கல்யாண ஆல்பத்தில் ஒரு பக்கத்தில்கூட அவர் முகம் இருக்காது. கல்யாண போட்டோகிராபரின் வாழ்க்கை அப்படித்தான்!

எல்லா ஊரிலும் இந்தத் தொழில் இருக்கிறது. ஆனால் கர்நாடக எல்லையை ஒட்டிய ஓசூர், கிருஷ்ணகிரி பகுதியில் இதன் கணக்கே வேறு. தொழிலுக்கு வர நினைப்பவர்களுக்கும், வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயங்களைப் பார்ப்போம்.

எல்லையோரக் கல்யாணம்... என்ன ஸ்பெஷல்?

1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. பின்னாலேயே அசோக் லேலண்ட், டி.வி.எஸ், டைட்டன் என்று பெரிய ஆலைகள் வந்தன. வேலைக்காகத் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களிலிருந்தும் ஆட்கள் குடியேறினார்கள். 2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. 2019-ல் ஓசூர் மாநகராட்சியானது. சமீப வருடங்களில் மின்சார ஸ்கூட்டர், எலெக்ட்ரானிக்ஸ் ஆலைகளும் வந்துவிட்டன.

ஆனால் அதற்கெல்லாம் முன்பிருந்தே இங்கே தெலுங்கும் கன்னடமும் உருதும் வீட்டு மொழிகள். பாகலூர், பேரிகை, தளி, வேப்பனஹள்ளி பக்கம் போனால் ஒரே தெருவில் மூன்று மொழி கேட்கலாம். அதனால் இந்த ஊர் போட்டோகிராபர் ஒரே மாதத்தில் தமிழ்க் கல்யாணம், தெலுங்குக் கல்யாணம், கன்னடக் கல்யாணம், நிக்காஹ் எல்லாவற்றையும் எடுக்க வேண்டியிருக்கும். மாப்பிள்ளை அத்திப்பள்ளி, பொண்ணு சூளகிரி என்றால் ரிசப்ஷன் ஒரு மாநிலம், முகூர்த்தம் இன்னொரு மாநிலம்!

'அந்த நொடி' எது?

தமிழ்க் கல்யாணத்தில் எல்லோரும் காத்திருப்பது தாலி கட்டும் நேரத்துக்கு. கெட்டிமேளம் கேட்டதும் கேமரா தயாராகிவிடும். இதே பழக்கத்தில் தெலுங்கு வீட்டுக் கல்யாணத்துக்குப் போனால் மாட்டிக்கொள்வீர்கள்.

தெலுங்குக் கல்யாணத்தில் சுமுகூர்த்தம் என்பது 'ஜீலகர்ர பெல்லம்', அதாவது சீரகமும் வெல்லமும் சேர்த்து அரைத்ததை வெற்றிலையில் வைத்து, மணமக்கள் ஒருவர் தலையில் ஒருவர் வைக்கும் நேரம். இருவருக்கும் நடுவே திரை பிடித்திருப்பார்கள். திரை இறங்கியதும் ஒருவரையொருவர் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதுதான் ஆல்பத்தின் முதல் பக்கம். தாலி அதற்குப் பிறகுதான். அடுத்து 'தலம்பிராலு': ஒருவர் தலையில் ஒருவர் அட்சதையை அள்ளிக் கொட்டும் சடங்கு. சிரிப்பும் விளையாட்டுமாகச் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

கன்னட வீடுகளிலும் திரை உண்டு. 'தாரெ' வார்க்கும் சடங்கு அங்கே முக்கியம். பெண்ணைப் பெற்றவர்கள் மணமக்களின் கைகளில் நீரோ பாலோ வார்ப்பார்கள். அப்போது கையையும் எடுக்க வேண்டும், அம்மாவின் கண்ணையும் எடுக்க வேண்டும். ஒரே கேமராவால் முடியாது.

இஸ்லாமியக் கல்யாணங்களில் பெண்கள் பகுதி பெரும்பாலும் தனியாக இருக்கும். அங்கே பெண் போட்டோகிராபர்தான் வேண்டும் என்று கேட்கும் குடும்பங்கள் நிறைய. கேமரா பழகும் பெண்களுக்கு இது நல்ல வாய்ப்பு.

புரோகிதரிடம் முன்கூட்டியே பேசி, சடங்குகளை வரிசையாக எழுதி வாங்கிக்கொள்வது நல்ல பழக்கம். 'சாமி, திரை இறக்குறதுக்கு முன்னாடி ஒரு சைகை காட்டுங்க' என்று சொல்லி வைத்தாலே பாதி டென்ஷன் குறைந்துவிடும்.

ஆடியிலும் ஆர்டர் உண்டு!

தமிழகத்தின் மற்ற ஊர்களில் ஆடி வந்தால் போட்டோகிராபர்கள் லென்ஸைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். இங்கே அப்படியில்லை. காரணம், பஞ்சாங்கம்.

தமிழர்கள் பார்ப்பது சூரியன் ராசி மாறுவதை வைத்துக் கணக்கிடும் சௌரமான மாதம். தெலுங்கு, கன்னடக் குடும்பங்கள் பார்ப்பது அமாவாசையை வைத்துக் கணக்கிடும் சாந்திரமான மாதம். அவர்களுக்கு ஆஷாடம் ஆகாது, சிராவணம் ஆகும். 2025-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆஷாடம் ஜூன் 26-ல் தொடங்கி ஜூலை 24-ல் முடிந்தது. தமிழ் ஆடியோ ஜூலை 17 முதல் ஆகஸ்ட் 16 வரை. ஆக, ஜூன் கடைசியில் ஆனி மாதத் தமிழ்க் கல்யாணங்கள் நடந்தன. ஜூலை 25 முதல் சிராவணத்துக் கல்யாணங்களுக்கு வழி திறந்தது. இரண்டு பக்கமும் வேலையே இல்லாத காலம் ஜூலை 17 முதல் 24 வரை, 8 நாள்தான்!

இதில் ஒரு சிக்கலும் உண்டு. தமிழ் மாப்பிள்ளை, கன்னடப் பொண்ணு என்றால் இரண்டு வீட்டு விலக்கு மாதங்களையும் ஒதுக்குவார்கள். மிச்சமிருக்கும் நல்ல நாட்களில் எல்லோரும் குவிவார்கள். ஒரே முகூர்த்தத்துக்கு மூன்று ஆர்டர் வந்தாலும் ஓர் ஆளால் ஒன்றைத்தானே எடுக்க முடியும்? மார்கழியோ இரு தரப்புக்கும் ஆகாது. வருடம் ஒருமுறை கேமராவை சர்வீஸுக்குக் கொடுக்க அதுதான் சரியான மாதம்.

சில வருடங்களில் சாந்திரமானக் கணக்கில் அதிக மாதம் ஒன்று கூடுதலாக வரும். அதிலும் கல்யாணம் வைக்க மாட்டார்கள். 2026-ல் மே 17 முதல் ஜூன் 15 வரை அதிக மாதம். சுவரில் இரண்டு காலண்டரையும் பக்கத்துப் பக்கத்தில் மாட்டி வைத்தால்தான் வருட வருமானத்தைக் கணிக்க முடியும்.

தூக்கமில்லா இரவு

இந்தப் பக்கம் பெரும்பாலும் முதல் நாள் மாலை ரிசப்ஷன், மறுநாள் அதிகாலை முகூர்த்தம். ரிசப்ஷன் மேடையில் கடைசி குரூப் போட்டோ எடுக்க 11 மணி ஆகிவிடும். முகூர்த்தம் 4.30 - 6 என்றால், பொண்ணு மேக்கப் போடும் 3 மணிக்கே கேமரா அங்கே இருக்க வேண்டும். நடுவில் கிடைப்பது நாலு மணி நேரம். அதற்குள் மெமரி கார்டை காப்பி பண்ணி, பேட்டரியை சார்ஜ் போட்டு, பிறகுதான் தூக்கம்.

கேமராவும் பெரிய லென்ஸும் சேர்ந்து இரண்டு, மூன்று கிலோ. அதைப் பத்து மணி நேரம் தூக்கினால் கழுத்து, தோள், இடுப்பு மூன்றும் பேசும். எடையைத் தோளில் பிரித்துத் தாங்கும் பெல்ட், குஷன் வைத்த ஷூ, நேரத்துக்குச் சாப்பாடு ஆகியவை இல்லாமல் நாற்பது வயதுக்கு மேல் இந்தத் தொழிலில் நிற்பது கஷ்டம். ராத்திரி வேலை முடித்துத் தூக்கக் கலக்கத்தில் பெங்களூரு நெடுஞ்சாலையில் தானே வண்டி ஓட்டிவருவதுதான் இதில் பெரிய ஆபத்து. ஆல்பம் ஒரு வாரம் லேட்டாகலாம்... நீங்கள் பத்திரமாக வீட்டுக்கு வர வேண்டும்.

80,000 ரூபாயில் கையில் நிற்பது எவ்வளவு?

'ரெண்டு நாள் வேலைக்கு 80,000-ஆ?' என்று கேட்காத வாடிக்கையாளர் இல்லை. கணக்குக்காக அந்தத் தொகையையே எடுத்துக்கொள்வோம். இடத்துக்கு இடம் தொகை மாறும். ஆனால் செலவு பிரியும் விதம் இப்படித்தான்.

* கூட வரும் இரண்டு பேருக்குச் சம்பளம்: 16,000
* இரண்டு ஆல்பம் அச்சு, பைண்டிங்: 22,000
* வீடியோ எடிட்டிங்: 10,000
* வண்டி, சாப்பாடு, லைட் பாய்: 5,000

மீதி 27,000. கேமரா, லென்ஸ், லைட், கம்ப்யூட்டர் என 6 லட்சம் ரூபாய் பொருட்கள் ஐந்து வருடம் உழைக்கும் என்று வைத்தால், வருடத்துக்கு 1,20,000. கடை வாடகை மாதம் 15,000 என்றால் வருடத்துக்கு 1,80,000. வருடம் 40 ஆர்டர் என்றால், ஓர் ஆர்டருக்கு இவை இரண்டும் சேர்த்து 7,500. கையில் நிற்பது 19,500.

அதுவும் இரண்டு நாள் கூலி அல்ல. போட்டோ தேர்வு, கலர் கரெக்‌ஷன், ஆல்பம் டிசைன், குடும்பத்தோடு உட்கார்ந்து திருத்தம் என இன்னும் ஐந்து நாள் ஆகும். ஏழு நாளுக்குப் பிரித்தால், ஒரு நாளைக்கு 2,800 ரூபாய்க்கும் கொஞ்சம் குறைவு.

இன்னொரு விஷயம். ஜி.எஸ்.டி பதிவுக்கு லாபத்தைப் பார்ப்பதில்லை, மொத்த வரவைத்தான் பார்ப்பார்கள். சேவைத் தொழிலில் வருடத்துக்கு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் பதிவு கட்டாயம். 80,000 ரூபாய் ஆர்டர் 25 எடுத்தாலே 20 லட்சம் தொட்டுவிடும். அதற்கு மேல் 18 சதவிகித வரி, அதாவது ஒவ்வொரு ஆர்டருக்கும் 14,400 ரூபாய் கூடுதல். கம்பெனிகள் என்றால் அந்த வரியைத் திரும்பக் கழித்துக்கொள்ளும். கல்யாண வீட்டாருக்கு அந்த வழி இல்லை. அதனால், வளரும் ஸ்டூடியோக்களுக்கு 25-வது ஆர்டர் ஒரு பெரிய மேடு. வருட ஆரம்பத்திலேயே ஆடிட்டரிடம் பேசிவிடுவது நல்லது.

போட்டோ யாருக்குச் சொந்தம்?

1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி, படத்தை எடுத்தவர்தான் அதன் படைப்பாளி. ஆனால் அதே சட்டத்தின் 17-வது பிரிவு, ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில், அவரே முதல் உரிமையாளர் என்கிறது. அதாவது, எழுதி வாங்காவிட்டால் கல்யாண வீட்டார்தான் உரிமையாளர். அவர்கள் சம்மதமில்லாமல் மணமகள் படத்தை ஸ்டூடியோவின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போடுவது வம்பை விலைக்கு வாங்குவதுதான்.

அட்வான்ஸ் வாங்கும்போதே ஒரு பக்கத்தில் இதையெல்லாம் எழுதி, இரு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள்:

* எத்தனை மணி நேரம், எத்தனை கேமரா
* எடிட் செய்த படங்கள் எத்தனை, ஒரிஜினல் ஃபைல் உண்டா
* ஆல்பத்தில் எத்தனை ஷீட், எத்தனை முறை திருத்தம்
* மீதிப் பணம் எப்போது, டெலிவரி எப்போது
* கல்யாணம் தள்ளிப்போனால் அட்வான்ஸ் என்னாகும்
* விளம்பரத்துக்குப் படங்களைப் பயன்படுத்தலாமா
* ஃபைல்களை எவ்வளவு காலம் பாதுகாத்து வைப்பார்கள்

'தள்ளிப்போனால்' என்ற வரி எவ்வளவு முக்கியம் என்பது 2020 ஊரடங்கில் எல்லோருக்கும் புரிந்தது. கல்யாணத்துக்கு 50 பேர்தான் என்று கட்டுப்பாடு வந்தபோது, அட்வான்ஸ் பற்றி எதுவும் எழுதி வைக்காத இடங்களில் இரு தரப்பும் மனஸ்தாபப்பட்டதுதான் மிச்சம்.

கார்டு போனால் கல்யாணம் போச்சு!

சமையல் கெட்டால் இன்னொரு முறை சமைக்கலாம். தாலி கட்டுவதை இன்னொரு முறை எடுக்க முடியாது. அதனால் ஒரே நேரத்தில் இரண்டு கார்டில் பதிவாகும் கேமராதான் கல்யாணத்துக்குச் சரி. வேலை முடிந்ததும் மூன்று பிரதி: கம்ப்யூட்டரில் ஒன்று, தனி ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, வேறு இடத்தில் அல்லது கிளவுடில் ஒன்று. ஒரு படம் 30 எம்.பி என்றால், 4,000 படத்துக்கு 120 ஜி.பி. 40 கல்யாணத்துக்கு, வீடியோ இல்லாமலே, 4.8 டி.பி. சேமிப்பும் ஒரு செலவுதான் என்பதை விலையில் சேருங்கள்.

மண்டபத்து லைட்டிலும் கவனம் தேவை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சாதாரண விளக்குகள் விநாடிக்கு 100 முறை மினுக்கும். வீடியோவில் கோடு கோடாகத் தெரிந்தால், ஷட்டரை 1/50 அல்லது 1/100-ல் வைத்துப் பாருங்கள். மேடைக்குப் பின்னால் எல்.இ.டி திரை இருந்தால், ரிசப்ஷன் தொடங்கும் முன்பே சோதனைப் படம் எடுத்துவிடுங்கள்.

டிரோன், காடு, கோட்டை... அனுமதி முக்கியம்

2021 டிரோன் விதிகளின்படி, 250 கிராம் வரையுள்ள நானோ டிரோனுக்கு பைலட் சான்றிதழ் வேண்டாம். எடை அதற்கு மேல் போனால், காசு வாங்கிக்கொண்டு பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழ் தேவை. ஓசூர் அருகே பெலகொண்டப்பள்ளியில் தனியார் விமான ஓடுதளம் இருக்கிறது. எந்த இடத்தில் பறக்கலாம் என்பதை 'டிஜிட்டல் ஸ்கை' வரைபடத்தில் பார்த்துவிட்டே டிரோனை எடுங்கள்.

கல்யாணத்துக்கு முந்தைய ஷூட்டுக்கு தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் காடுகளைக் கேட்கிறார்கள். அது யானைகள் நடமாடும் பகுதி. 2014-ல் காவிரி வடக்கு வன உயிரின சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடும் அங்கேதான் இருக்கிறது. வனத்துறை அனுமதியில்லாமல் உள்ளே போனால், படம் எடுப்பதற்கு முன் அபராதம் கட்ட வேண்டிவரும். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கோட்டைகளுக்கும் முன் அனுமதி கேளுங்கள். ரோஜாத் தோட்டம் என்றால், உரிமையாளரிடம் ஒரு வார்த்தை போதும்!

ஸ்டூடியோவில் என்ன வேலை?

பாஸ்போர்ட் சேவா மையத்திலும் ஆதார் மையத்திலும் அங்கேயே படம் எடுத்துவிடுகிறார்கள். செல்போன் கேமராவும் வந்துவிட்டது. பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை நம்பியிருந்த கடைகள் பாடு திண்டாட்டம்தான். கைகொடுப்பது குழந்தை போட்டோ, வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு, கம்பெனி விழா, இன்ஜினீயர்களுக்கான புரொஃபைல் படம் போன்றவை.

இன்னொரு வேலையும் தொடர்ந்து வரும். வீட்டில் பெரியவர் இறந்துவிட்டால், மாலை போட ஒரு படம் தேடி ஓடிவருவார்கள். பல வீடுகளில் கிடைப்பது ஏதோ ஒரு கல்யாண குரூப் போட்டோவில் பின்வரிசையில் பாதி மறைந்த முகம். அதை வெட்டி, பெரிதாக்கி, தெளிவாக்கித் தர வேண்டும்.

இப்படிப்பட்ட படங்களின் மதிப்பு பிறகுதான் தெரியும். தமிழக ஸ்டூடியோக்களின் பழைய படங்களை, பிரிட்டிஷ் நூலகத்தின் அழிவுறும் ஆவணங்கள் திட்ட உதவியுடன், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தினர் தேடித் தேடி டிஜிட்டல் ஆக்கினார்கள். சாதாரணக் குடும்பங்களின் படங்கள்தான் இன்று ஆய்வாளர்களுக்கு வரலாறு.

எனவே, அடுத்த கல்யாணத்தில் போட்டோகிராபர் ஒரு வேலையை மறக்க வேண்டாம். கூட்டம் சேர்வதற்கு முன், வெளிச்சம் நன்றாக விழும் ஒரு ஜன்னலோரம் நாற்காலி போட்டு, இரு வீட்டுப் பெரியவர்களையும் ஒவ்வொருவராக உட்காரவைத்து ஒரு படம். பத்து நிமிடம் போதும். கல்யாண வீட்டார்களே, அவர் மறந்தாலும் நீங்கள் கேட்டு வாங்குங்கள். அப்படியே, 'தம்பி, சாப்டீங்களா?' என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.