வரி

வரி என்பது அரசு சட்டப்படி மக்களிடமிருந்து பெறும் பணம். சாலை, அரசுப் பள்ளி, அரசு மருத்துவமனை, காவல் நிலையம் எல்லாம் பெரும்பாலும் இந்தப் பணத்தில்தான் நடக்கின்றன. சட்டம் இயற்றாமல் எந்த அரசும் வரி வாங்கக் கூடாது என்கிறது இந்திய அரசியலமைப்பின் 265-ஆவது பிரிவு.

வரியும் கட்டணமும் ஒன்றல்ல. பேருந்தில் டிக்கெட் எடுத்தால், கொடுத்த காசுக்குப் பயணம் கிடைத்துவிடுகிறது, அது கட்டணம். தெருவிளக்குக்கு அப்படி டிக்கெட் போட முடியாது. ஒரே ஒரு வீட்டுக்காரர் செலவு செய்து விளக்குப் போட்டாலும், தெருவில் போகிற அத்தனை பேருக்கும் வெளிச்சம் விழும். காசு தராதவரை மட்டும் இருட்டில் நடக்க வைக்க வழியில்லை. இப்படி எல்லோருக்கும் சேர்ந்தே பயன்படுபவை பொதுப் பண்டங்கள். இவற்றைத் தனித்தனியே விற்க முடியாது என்பதால்தான் எல்லோரிடமும் வரி வாங்க வேண்டியிருக்கிறது. இந்த ஒன்று புரிந்துவிட்டால் வரியைப் பற்றிய மற்றவை எளிது.

வருமான வரி போல, யார்மீது விதிக்கப்படுகிறதோ அவரே செலுத்துவது நேர்முக வரி. பொருளின் விலையோடு சேர்ந்து வருவது மறைமுக வரி. பிள்ளைகளும் இதைச் செலுத்துகிறார்கள். 10 ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டில், விலைக்குப் பக்கத்தில், அனைத்து வரிகளும் உட்பட என்ற பொருளில் ஒரு குறிப்பு சிறிய எழுத்தில் இருக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட்டுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 5 சதவீதம். அப்படியானால் அந்தப் 10 ரூபாயில் சுமார் 48 காசு வரி. கடைக்காரர் வாங்கும் அந்தக் காசில் பாதி மத்திய அரசுக்கும் பாதி மாநில அரசுக்கும் போகிறது.

மறைமுக வரியில் ஒரு குறை உண்டு. பணக்காரர் வாங்கினாலும் கூலித் தொழிலாளி வாங்கினாலும் அதே 48 காசுதான். வருமான வரியிலோ வருமானம் ஏற ஏற விகிதமும் ஏறும். அந்த வகையில் அதுவே நியாயமானது. அதனால், எல்லாப் பிள்ளைகளுக்கும் தேவையான பென்சில், அழிப்பான், பள்ளி நோட்டுக்கு 2025-இல் இந்த மறைமுக வரியை அடியோடு நீக்கியது நல்ல முடிவு.

வரி பழமையானது. சோழ மன்னன் முதலாம் குலோத்துங்கன் சுங்க வரியை நீக்கியதால் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்று பெயர் பெற்றான்.

எவ்வளவு வரி வரும், அதை எதற்குச் செலவிடுவது என்று ஆண்டுதோறும் அரசு போடும் கணக்கு வரவு செலவுத் திட்டம், அதாவது பட்ஜெட். இந்தியாவில் நிதியாண்டு ஏப்ரல் 1-இல் தொடங்கி மார்ச் 31-இல் முடிகிறது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பட்ஜெட்டை 1947 நவம்பர் 26 அன்று தாக்கல் செய்தவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த ஆர். கே. சண்முகம் செட்டியார்.

கிராமத்தில் வீட்டு வரியை ஊராட்சி வசூலித்து ரசீது தருகிறது. ஊராட்சியின் வரவு செலவைக் கிராம சபையில் வைக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் இச்சபை கூடுகிறது. ஊரின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எல்லோரும் அதன் உறுப்பினர்கள். தெருவிளக்குக்கு எவ்வளவு செலவானது என்று அவர்களில் யார் வேண்டுமானாலும் எழுந்து கேட்கலாம்.