திருச்சி – ஸ்ரீரங்கம் மிதிவண்டித் தடங்கள்

திருச்சிராப்பள்ளி நகரையும் ஸ்ரீரங்கம் தீவையும் சூழ்ந்த ஆற்றங்கரைகள், வாய்க்கால் கரைகள், செம்மண் வண்டித்தடங்கள், பாறைச் சரிவுகள் ஆகியவற்றின் ஊடே அகன்ற டயர் சைக்கிளில் செல்லத்தக்க வழிகள். இங்கே கூறப்படுபவற்றுள் சைக்கிளுக்கென்று வெட்டப்பட்டது எதுவுமில்லை. பாசனத்துக்காகவும் வெள்ளத்தைத் தடுக்கவும் உயர்த்திய கரைகளே பெரும்பாலும் தடங்களாயின. திருச்சி மாவட்டம் கடலைத் தொடாதது. காவிரியைப் பிடித்துக்கொண்டு கிழக்கே போனால் பூம்புகாரில்தான் அலை. கடலோர ஓட்டத்தின் இடத்தை இங்கே ஆற்றோர ஓட்டம் நிரப்புகிறது.

கரைகளின் வரலாறு

நகருக்கு மேற்கே சுமார் 18 கி.மீ. தொலைவில் முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி, நடுவில் ஸ்ரீரங்கம். கிழக்கே கல்லணையை ஒட்டி இரண்டும் மறுபடி நெருங்கி வருகின்றன. கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தது. விட்டால் தண்ணீர் முழுவதும் அதில் இறங்கிக் கடலுக்கு ஓடிவிடும். அதைத் தடுத்துத் தஞ்சை வயல்களுக்குத் திருப்பவே கரிகாலன் கல்லணையைக் கட்டினான். மணலில் பெரும்பாறைகளை அமிழ்த்திக் களிமண் சேர்த்து அடுக்கிய அந்த அணை 329 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் கொண்டு நெளிந்து கிடக்கிறது.

தென்கரையின் முக்கிய வாய்க்காலான உய்யக்கொண்டான் ராஜராஜ சோழனின் பட்டப்பெயரைத் தாங்கியது, அவன் காலத்தது. பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து, உய்யக்கொண்டான் திருமலையை ஒட்டி வந்து, நகரின் நடுவே புகுந்து, வாழவந்தான்கோட்டை ஏரியில் முடிகிறது. நீளம் சுமார் 70 கி.மீ. வயலுக்கு நீர் கொண்டுபோக வெட்டிய இந்த வாய்க்கால், நகருக்குள் நெடுந்தொலைவு சாக்கடை நீரையும் சுமக்க நேர்ந்தது பிற்காலத்தின் சிறுமை.

தீவிலிருந்து வெளியேறும் வழிகள் எவ்வளவு குறைவு என்பதற்குக் கர்நாடகப் போரைவிடத் தெளிவான சான்று இல்லை. 1752இல் பிரெஞ்சுப் படைத்தலைவர் லா, கூட்டாளி சந்தா சாகிபின் படையோடு தீவில் நிலைகொண்டிருந்தார். வடக்கே சமயபுரத்தில் ஆங்கிலேயப் படையோடு கிளைவ் வந்து அமர்ந்தார். கிழக்கே கோயிலடி தஞ்சைப் படையின் கைக்குப் போனது. வழிகள் அடைபட்டதும் லாவுக்குச் சரணடைவதைத் தவிர வேறு போக்கில்லை. இன்று தீவைச் சுற்றி வருபவரும் ஆற்றைக் கடக்கப் பாலங்களையும் அணைகளையுமே நம்ப வேண்டும்.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முக்கொம்பில் காவிரியின் வாய் மணலால் மேடிட்டது. தண்ணீர் கொள்ளிடத்துக்கே போயிற்று. 1804இல் ஆராய வந்த கேப்டன் கால்டுவெல் கல்லணையை உயர்த்தச் சொன்னார். நோய் இருந்த இடம் கல்லணை அல்ல, முக்கொம்பு. அதைக் கண்டவர் பொறியாளர் ஆர்தர் காட்டன். 1836–38இல் கொள்ளிடத்தின் குறுக்கே அவர் எழுப்பியதே மேலணை. ஆற்று மணலில் அடித்தளமிடும் கலையைக் கல்லணையைப் பார்த்தே கற்றுக்கொண்டு, பின்னர் கோதாவரியிலும் பயன்படுத்தினார். அணைகள் உயர்ந்தபின் கரைகளும் பலப்பட வேண்டியிருந்தன. உடைப்பு எடுத்த இடத்துக்கு ஆளையும் மணல் மூட்டையையும் விரைந்து கொண்டுபோக, கரையின் தலைப்பு ஒரு மாட்டுவண்டி போகும் அகலமாவது இருந்தாக வேண்டும். சைக்கிள்காரருக்குக் கிடைத்திருக்கும் தடம் அந்த அகலமே.

ஆறு இதையெல்லாம் எப்போதும் மதித்ததில்லை. 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. அதே மாதம், 1928இல் கட்டிய பழைய கொள்ளிடம் இரும்புப் பாலத்தின் தூண்களும் சரிந்தன. பக்கத்தில் புதிய பாலம் வந்ததிலிருந்து வாகனங்கள் ஒதுங்கி, நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் வாய்ப்பாக இருந்த பாலம் அது.

சைக்கிளின் வருகை

மலைச் சைக்கிள் 1970களில் கலிஃபோர்னியாவின் மரின் வட்டாரத்தில் பிறந்தது. அங்குள்ள மலைச் சரிவுகளில் பழைய கனத்த சைக்கிள்களை இறக்கத்தில் விட்டுப் பந்தயம் வைத்தவர்கள், 1976 முதல் அதை முறையாக நடத்தினார்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிள் ஓட்டம் ஒரு விளையாட்டாகச் சேர்க்கப்பட்டது. கியரும் ஷாக் அப்சார்பரும் இல்லாத கறுப்புச் சைக்கிளின் கேரியரில் வாழைத்தாரையும் பால் கேனையும் புல்லுக்கட்டையும் ஏற்றி வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் ஓட்டிய லால்குடி, முசிறி வட்டத்து உழவர்களை இந்த வரலாறு கணக்கில் கொள்வதில்லை. உயரம் எட்டாத சிறுவர்கள் பாருக்குக் கீழே காலை விட்டுக் குரங்கு பெடல் பழகியதும் இதே கரைகளில்.

தெற்கே புதுக்கோட்டையில் 1991இல் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் இதற்கு ஊக்கம் தந்தார். 1992 மகளிர் நாளில் 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் புதுக்கோட்டை வீதிகளில் திரண்டதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதால் ஆண்கள் சைக்கிளையே பலர் விரும்பினார்கள். மண்பாதையில் குடத்தோடும் குழந்தையோடும் ஓட்டிய அவர்களின் திறமைக்கு எந்தப் பந்தயமும் பதக்கம் வைக்கவில்லை.

தடங்களின் வகை

ஓடும் நிலத்தைக் கொண்டு இவற்றைக் கரைத்தடம், படுகைத்தடம், செம்மண் தடம், பாறைத்தடம் என நான்காகப் பிரிப்பது பொருத்தம். தார்ச்சாலையை ஒரு வகையாகக் கொள்ளத் தேவையில்லை.

கரைத்தடங்களில் முதன்மையானது தீவுச் சுற்று. மேற்கே ஸ்ரீரங்கத்திலிருந்து மேலூர் வழியாக, 2015இல் திறக்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைக் கடந்து முக்கொம்பை நோக்கிச் செல்லும் பகுதி வாழையும் தென்னையும் அடர்ந்தது. கிழக்கே திருவானைக்காவலிலிருந்து பனையபுரம், உத்தமர்சீலி, கிளிக்கூடு வழியாகக் கல்லணை. உத்தமர்சீலித் தரைப்பாலம் காவிரியில் வெள்ளம் மிகும்போது மூழ்கிவிடும். அந்நாட்களில் சுற்று பாதியில் நின்றுபோகும். திசை தவறுபவருக்கு 1987இல் முடிக்கப்பட்ட 236 அடி ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் போதும். தென்கரையில் கம்பரசம்பேட்டை, முத்தரசநல்லூர், ஜீயபுரம், திருப்பராய்த்துறை என்று மேற்கே ஒரு வரிசை. சர்க்கார்பாளையம், வேங்கூர் எனக் கிழக்கே மற்றொன்று. வடகரையில் வாத்தலையிலிருந்து குணசீலம் செல்லும் வழியும், அய்யன், பெருவளை வாய்க்கால்களின் கரைகளும் உண்டு.

படுகைத்தடம் என்பது கரைக்கும் நீருக்கும் இடைப்பட்ட நிலம். கொள்ளிடத்தில் இது அகலம். நாணல், மணல், திடீர்ச் சேறு. சக்கரம் மணலில் அமிழ்ந்தால் இறங்கித் தள்ளுவதே வழி. ஓட்டிப் பார்ப்பது வீரமல்ல.

செம்மண் தடங்களும் பாறைத்தடங்களும் தெற்கே உள்ளன. புதுக்கோட்டைச் சாலையில் கீரனூரைத் தாண்டினால் நார்த்தாமலை. வழுக்கும் கருங்கல் சரிவுகளுக்கு மேல் முத்தரையர் எழுப்பிய விஜயாலய சோழீச்சரம் நிற்கிறது. சரிவின் அடியிலேயே சைக்கிளை நிறுத்திவிட்டு நடப்பது நல்லது. அங்கு பழமைக்கு இருக்கும் உரிமை டயருக்கு இல்லை. இன்னும் தெற்கே சமணர் படுக்கைகள் கொண்ட சித்தன்னவாசல்.

இந்த நான்கு வகைக்கும் வெளியே, வடக்கே துறையூருக்கு அப்பால் பச்சைமலைப் பாதை டாப் செங்காட்டுப்பட்டி வரை ஏறும். நாமக்கல் பக்கமிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளோடு கொல்லிமலை. இவை மெய்யான மலைகள்.

நிலமும் பருவமும்

தடங்களின் நாட்காட்டியை நிர்ணயிப்பது காவிரியின் மேட்டூர் அணை. வழக்கமாக ஜூன் 12இல் அணை திறக்கப்படுகிறது. ஜனவரி 28இல் மூடப்படுகிறது. பிப்ரவரி முதல் மே வரை கரைகள் காய்ந்து இறுகியிருக்கும், ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். காலை எட்டு மணிக்குள் திரும்பிவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாய்க்கால் கரைக் களிமண் டயரில் ஒட்டி, மட்கார்டுக்குள் அடைத்து, சக்கரத்தையே நிறுத்திவிடும். ஆடிப்பெருக்கன்று, கூட்டம் நெரியும் காவிரிப் படித்துறையான அம்மா மண்டபம் வழியாகப் போக எண்ணவே கூடாது.

பாம்பைவிடப் பெரிய எதிரி முள். சீமைக்கருவேல முள் டயரைத் துளைத்து ட்யூபில் ஏறும். நெருஞ்சி தரையோடு கிடந்து கண்ணுக்குத் தெரியாமல் வேலை செய்யும். கரைகளில் பங்க்சர் கடை இல்லை. மாற்று ட்யூபும் கைப்பம்பும் இல்லாதவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஊர் வர வேண்டியதுதான்.

தற்போது

2022–23இல் நகரையும் ஸ்ரீரங்கத்தையும் இணைக்கும் 1976ஆம் ஆண்டுக் காவிரிப் பாலம் பழுதுபார்க்க மூடப்பட்டுத் திறக்கப்பட்டது. பின்னர் அருகே புதிய பாலப் பணியும் தொடங்கியது. விடுமுறை நாட்களின் அதிகாலையில் முக்கொம்பு, கல்லணை வழிகளில் கியர் சைக்கிள்களைக் காணலாம்.